கையெழுத்து இல்லாத தந்தி

மாத்தளையிலிருந்து வரும் கோச்சி கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்த பிறகு கண்டிக்குள் நுழைய அவசரப்படுவதில்லை. வீடுகளின் பின்கட்டை ஒட்டி, கொடியில் காயும் துணிகளுக்கும் கோழிக்கூடுகளுக்கும் நடுவே வளைந்து வந்து மஹய்யாவயில் நிற்கிறது. 1880-இல் போட்ட ரயில்பாதை. ஏரியும் தலதா மாளிகையும் கண்டியின் முகம் என்றால் இது முதுகு. யாழ்ப்பாணம் வரைக்கும் போகிற ஏ9 வீதி கண்டியில் தொடங்கி இந்தப் பக்கமாகத்தான் வடக்கே போகிறது. அதில் ஓடும் சுற்றுலா வான்களுக்கு தம்புள்ளை நினைப்பு; மஹய்யாவயில் நிறுத்த அவற்றுக்கு நேரமில்லை.

இறங்கினால் தமிழ் கேட்கும். நகரத்தைத் துப்புரவு செய்வதற்கென்று வெள்ளைக்காரர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். தலதா மாளிகையின் பெரஹர ஊர்வலம் முடிந்த விடியலில் யானைச் சாணத்தையும் கடலைச் சுருள் தாள்களையும் அள்ளி, பாடசாலை வான்கள் ஓடுவதற்குள் வீதியைப் பழையபடி ஆக்குகிறவர்கள் இவர்கள். அந்த வேலைக்குத் தவணை கேட்க முடியாது. என் தங்கச்சி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வேலை விண்ணப்பத்தில் மஹய்யாவ என்று முகவரி எழுதத் தயங்கியவர்களை அவளுக்குத் தெரியும். அவளுடைய மகன் இப்போது கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மாடியறையில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். மற்றவர்கள் எழுதுகிற நிரலை உடைத்துப் பார்ப்பது அவன் தொழில்.

நான் போன சமயம் அவன் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மடிக்கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினான். பெரஹர நாட்களுக்கு ஹோட்டல் அறை முன்பதிவு செய்யும் இணையத்தளம். பதிவு செய்தால் ஒரு ரசீது வருகிறது. அதன் இலக்கம் மேலே முகவரிப் பட்டையில் தெரிகிறது. கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டி என்டர் தட்டினான். வேறொருவரின் ரசீது. இன்னும் ஒன்று கூட்டினான். இன்னொரு பெயர், தொலைபேசி இலக்கம், பாஸ்போட்டின் படம்.

“இப்ப இருக்கிறதெல்லாம் டெஸ்ட்டுக்குப் போட்ட பொய்ப் பேருங்க மாமா. அடுத்த கிழமை லைவ் போட்டா நிஜப் பேருங்க.”

உள்ளே வந்தவர் யார் என்று சேர்வர் பார்க்கிறது. அவர் கேட்கிற ரசீது அவருடையதுதானா என்று பார்ப்பதில்லை. அவ்வளவுதான் குறை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மந்திரவாதி தேவையில்லை, ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று தெரிந்த பிள்ளை போதும். இணையத்தளங்களின் பாதுகாப்புக் குறைகளைத் தரவரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2017 பட்டியலில் இந்த வகை ஐந்தாவதாக இருந்தது. 2021 பட்டியலில் முதலாவதாக ஏறிவிட்டது. பூட்டைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது, யாருக்கு எந்த அறை என்பதை மட்டும் மறந்துவிடுகிறது.

மருமகன் இதை எழுதிக் கொடுத்திருக்கிறான். மெனேஜர் சொன்ன பதில்: “லைவ் போட்டுட்டுப் பிறகு பார்க்கலாம்.”

அந்த மெனேஜரைத் திட்டுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. எசல பெரஹரயின் நாள் சுபநேரம் பார்த்துக் குறிக்கப்படுவது. மென்பொருள் தயாராகவில்லை என்று யானைகள் காத்திருக்கப்போவதில்லை. கண்டி ஹோட்டல்காரர்கள் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளிலிருந்து கொரோனா, 2022-இன் பெற்றோல் வரிசை என்று தொடர்ந்து அடி வாங்கியவர்கள். அந்தச் சில இரவுகளின் வருமானத்தில்தான் பலர் வங்கிக் கடனைக் கட்டுகிறார்கள். நாள் தவறினால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் மாடியறையின் வாடகை போகும், மருமகனின் சம்பளமும் அதோடு போகும். 2002-இல் பில் கேட்ஸ் பாதுகாப்புதான் முதல் வேலை என்று ஊழியர்களுக்குக் கடிதம் எழுதி, விண்டோஸ் வேலையையே வாரக்கணக்கில் நிறுத்திவைத்துக் குறைகளைத் தேடச் சொன்னார். மைக்ரோசாப்டுக்கு அது தாங்கும். கட்டுகஸ்தோட்டை வீதிக்குத் தாங்காது.

அடுத்த நாள் ஞாயிறு. கடுகண்ணாவை போக வேண்டும் என்று நான் முன்பே நினைத்திருந்தேன். மருமகனும் மடிக்கணினிப் பையோடு கூட வந்தான். கூப்பிட்டால் எடுக்க வேண்டுமாம்.

கண்டியிலிருந்து பேராதனை, பிலிமத்தலாவ என்று பித்தளைக் குத்துவிளக்குக் கடைகளைத் தாண்டி பஸ் போனது. யன்னலோர இருக்கையில் அவன், எனக்கு 2023-இன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். செய்தி எனக்கும் தெரியும். தொழில்காரன் வாயால் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற பொதுச் சேர்வரில் ரான்சம்வேர் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற நச்சுநிரல். ஜிஓவி டொட் எல்கே முகவரியில் இயங்கிய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் அகப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அதில் அடக்கம். சேர்வரைச் சில மணி நேரத்தில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்பி வரவேயில்லை. அந்தக் காலத்துக்குத் தனியே கழற்றி வைத்த பேக்கப் இல்லை. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது.

அவனை உறுத்தியது அது இல்லை. அந்த மின்னஞ்சல் ஓடியது மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013 பதிப்பில். அதற்கு இனிப் பேட்ச் தரமாட்டோம் என்று மைக்ரோசாப்ட் குறித்திருந்த நாள் 2023 ஏப்ரல் 11. வருடக்கணக்காக எல்லாருக்கும் தெரிந்த நாள். 2021-இலிருந்தே மாற்றத் திட்டம் இருந்தது, நிதி போதாமையாலும் முன்னைய பணிப்பாளர் சபை முடிவுகளாலும் தள்ளிப்போயிற்று என்று பொறுப்பான ஐ.சி.டி.ஏ. நிறுவனமே பிறகு விளக்கம் சொன்னது.

“தள்ளிப் போடணும்னு ஒரு ஆள் முடிவெடுத்தாரா மாமா? இல்ல. அதுவா தள்ளிப் போச்சு.”

இந்த ‘அதுவா’ என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க யோசித்தேன். நாட்டின் சட்டமும் இதற்கு விலக்கில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022-இலேயே, 9-ஆம் இலக்கமாக நிறைவேறிவிட்டது. நிறுவனங்கள் தயாராக அவகாசம் கொடுத்து, முக்கியப் பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரும் என்றார்கள். அந்த நாள் நெருங்கியதும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு திருத்தம் கொண்டுவரப் போனார்கள். பாஸ்போட் படத்தைக் காக்க வேண்டிய சட்டத்துக்கே லைவ் போடும் திகதி தள்ளிப்போனது. மெனேஜர் மட்டும் என்ன செய்வார்?

பஸ் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கத் தொடங்கும் இடத்தில், வீதியோரமாகக் குடையப்பட்ட பாறை ஒன்று இருக்கிறது. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், 1820-களில், கொழும்பு வீதி இந்தப் பாறைக்குள்ளேதான் நுழைந்து போயிற்று. இன்றைய வாகனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. மலையைக் குடைந்து வழி போடுகிறவனுக்கே கண்டி வசப்படும் என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை இருந்ததாகச் சொல்வார்கள். பாறைக்குள் நின்று பார்த்தால் உளி பட்ட இடங்களில் தண்ணீர் கசிகிறது. வீதி போட்ட கப்டன் டோசன் 1829-இல் இறந்துபோனார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் சற்று மேலே நகரத்தில் நிற்கிறது.

இந்த வீதிக்கு முன்பு கண்டிக்கு நல்ல பாதையே கிடையாது. இருக்கக்கூடாது என்பதுதான் அரசர்களின் ஏற்பாடு. 1660 முதல் 1679 வரை கண்டி அரசனிடம் அகப்பட்டுக் கிடந்த இங்கிலாந்துக்காரர் ரொபர்ட் நொக்ஸ் தன் புத்தகத்தில் இதைப் பார்த்தபடி எழுதி வைத்திருக்கிறார். பாதைகள் ஒருவர் பின் ஒருவராக நடக்கிற அகலம்தான். கணவாய்களில் முள்ளால் பின்னிய கதவுகள், தூக்கி இறக்கலாம். காவல்காரர்கள் வருகிறவன் போகிறவனைச் சோதிப்பார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் படையோடு ஏறி வந்து நொந்து திரும்பினார்கள்; 1803-இல் ஆங்கிலேயர் மேஜர் டேவியோடு வந்து அழிந்தார்கள்.

ஆனால் கதவை ஒரேயடியாகச் சாத்திவிடவும் முடியாது. மலையில் உப்பு விளையாது. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்து வர வேண்டும், பாக்கு கீழே போக வேண்டும். தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்கள் முள்கதவைத் தாண்டித்தான் நடந்தன. பாதை குறுகலாக இருந்ததால் வியாபாரிக்கு நேரமும் மாடும் நட்டம். அந்த நட்டத்தை இன்னார் சுமப்பது என்று அரசன் தீர்மானித்திருந்தான். எந்தக் கணவாய்க்கு யார் பொறுப்பு என்பதும் தெரியும். எனக்கு அந்த ஏற்பாட்டில் பிடித்தது முள் இல்லை, அந்தத் தெளிவுதான். மருமகன் உடனே குறுக்கே வந்தான்: “கடைசியில ராஜா பிடிபட்டாரே?” பிடிபட்டார். அதிகாரம் என்ற உயர்பதவியில் இருந்த எஹெலப்பொல 1814-இல் கொழும்புக்குப் போய் ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டார். அடுத்த வருடம் இன்னொரு பிரதானியான மொல்லிகொடவும் மாறினார். வழியும் கதவும் தெரிந்தவர்கள் கூட வந்ததால், 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை அதிகம் சுடாமலே கண்டிக்குள் நடந்து வந்தது. கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்த நாயக்க வம்சத்து அரசர் வேலூரில் சிறையிருந்து 1832-இல் இறந்தார். பாஸ்வேர்ட் தெரிந்த ஆள் எதிரியோடு சேர்ந்தால் எந்த முள்ளும் குத்தாது என்று மருமகன் அவன் பாஷையில் அதைச் சுருக்கினான்.

கடுகண்ணாவைக்கு நான் வர நினைத்தது டோசன் கோபுரத்துக்காக இல்லை. 2016 ஆகஸ்ட் 25 அன்று ஜனாதிபதியின் அதிகாரபூர்வ இணையத்தளத்தைத் திறந்தவர்களுக்கு சிங்களத்தில் ஒரு செய்தி கிடைத்தது. ஆகஸ்டில் நடக்கிற உயர்தரப் பரீட்சையை ஏப்ரலுக்கு மாற்றுவதாக இருந்த முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள், சித்திரைப் புத்தாண்டோடு அது மோதுகிறது என்பது முதல் கோரிக்கை. இலங்கை இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்பது இன்னொன்று. தளத்தைச் சரி செய்தார்கள், மறுபடியும் தாக்கப்பட்டது. சில நாட்களில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஒரு சந்தேக நபரைப் பிடித்தது. கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன். 2007-இன் கணினிக் குற்றச் சட்டத்தின்படி மூன்று வருடச் சிறை வரை போகக்கூடிய குற்றம்.

பரீட்சைத் திகதிக்குப் பயந்த ஒரு பிள்ளை! “அந்த வருஷம் நான் பத்தாம் வகுப்பு. எங்க கிளாஸ்ல அவன்தான் ஹீரோ” என்றான் மருமகன். எனக்கு ஹீரோவாகத் தெரியவில்லை; பூட்டாத வீடு என்பதற்காக உள்ளே போவது சரியாகிவிடாது. ஆனால் இந்த இரண்டு கோரிக்கைகளில் முதலாவதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. 2021 பெப்ரவரி 6 காலை எல்கே என்று முடியும் முகவரிகளின் பதிவேடே தாக்கப்பட்டு, கூகிள் டொட் எல்கே தேடியவர்கள் வேறொரு பக்கத்துக்குப் போய் விழுந்தார்கள். அதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினையும் ஊடகச் சுதந்திரமும் எழுதப்பட்டிருந்தன. தோட்டச் சம்பளம் ஆயிரம் ரூபாயா இல்லையா என்று மலையகமே பேசிக்கொண்டிருந்த வாரம் அது. எங்கள் சனத்தின் குறை உலகத்துக்குத் தெரிய இப்படி ஒரு ஓட்டை வழியா கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது ஞாபகம் வந்தது.

மத்தியானம் புகையிரத நூதனசாலைக்குப் போனோம். கடுகண்ணாவை நிலையத்தோடு ஒட்டியிருக்கிறது, 2014 டிசம்பரில் திறந்தது. பழைய என்ஜின்களில் பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே பார்த்ததைவிட அதிகம் வெளியே, மேடையில்தான் பார்த்தேன். கொழும்புப் பக்கம் இறங்கும் கோச்சி வந்து நின்றது. பலனை வரைக்கும் மலைச்சரிவில் ஒற்றைத் தண்டவாளம். ஊழியர் ஒருவர் பெரிய வளையம் ஒன்றை சாரதியிடம் நீட்டினார். வளையத்தின் பையில் டேப்லட் என்கிற உலோக வில்லை. அது கைக்கு வராமல் சாரதி வண்டியை எடுக்கமாட்டார்.

இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைத்த ஒரே மாதிரியான பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து வில்லை ஒன்றை எடுத்துவிட்டால், அது இரண்டில் ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை அடுத்த வில்லை வெளியே வராது. ஆகவே ஒரு துண்டுப் பாதையில் எந்த நேரமும் ஒரே வண்டிதான். நேரமாகிவிட்டது, அமைச்சர் வண்டியில் இருக்கிறார், மழை வருகிறது, எதைச் சொன்னாலும் பெட்டி கேட்காது.

இந்தப் பெட்டி பிறந்த கதையை மேடைப் பெஞ்சில் இருந்து மருமகனுக்குச் சொன்னேன். 1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தில் நோரிச் நகருக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடம். லண்டனிலிருந்து வந்த கடுகதி தாமதம். எதிர்ப்பக்கம் பிரண்டல் நிலையத்தில் தபால் வண்டி காத்து நிற்கிறது. அதையும் ஏன் தாமதிக்க வேண்டும், முதலில் அனுப்பச் சொல்லலாமே என்று இரவுப் பொறுப்பாளர் யோசிக்கிறார். வாய்வார்த்தையாகச் சொன்னதைத் தந்திக் குமாஸ்தா அனுப்பிவிட்டார். விதிப்படி பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தத் தந்தி போக வேண்டும். தாளில் கையெழுத்து இல்லை. இதற்கிடையில் கடுகதி வந்து சேர, அதையும் அதே தண்டவாளத்தில் விட்டுவிட்டார்கள். மழையிரவில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள். நீ அனுப்பச் சொன்னாயா, நீயாக அனுப்பினாயா என்ற வழக்கு அதன் பிறகுதான் தொடங்கியது. சில வருடங்களில், 1878-இல், எட்வர்ட் டையர் என்பவர் இந்த டேப்லட் பெட்டியைச் செய்தார்.

மருமகன் கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “கையெழுத்துப் போட்டுட்டு அனுப்பியிருந்தா மட்டும் மோதியிருக்காதா?”

நல்ல கேள்வி. அமெரிக்காவில் அப்படியும் நடந்திருக்கிறது. ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதித் திட்டத்துக்கான ஹெல்த்கேர் டொட் கவ் தளம் 2013 ஒக்டோபர் 1 அன்று திறந்தே ஆக வேண்டும். பாதுகாப்புச் சோதனை முழுதாக முடியவில்லை, இது பெரிய ஆபத்து என்று செப்டம்பர் 27 திகதியிட்ட குறிப்பு ஒன்று திணைக்களத் தலைவி மெரிலின் டேவனர் மேசைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி, அதற்குள் இன்னின்ன சோதனைகள் என்ற ஏற்பாட்டோடு அவர் கையெழுத்துப் போட்டார். தளம் திறந்த அன்றே கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது வேறு கதை. அவர் செய்தது சரியா என்று அமெரிக்கக் காங்கிரசில் சண்டை பிடித்தார்கள். சண்டை பிடிக்க ஒரு பெயரும் ஒரு திகதியும் அவர்களுக்குக் கிடைத்தன. எங்கள் மே 17-க்கும் ஆகஸ்ட் 26-க்கும் இடையில் காணாமல்போன கடிதங்களுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் மனிதன் ஒரு தரம் வாசித்துப் பார்ப்பான். சில பேர் பேனாவைக் கீழே வைப்பார்கள். அந்த இடைவெளி தோர்ப்பில் கிடைக்கவில்லை.

“எல்லாத்தையும் நிறுத்துன்னு நான் சொல்லவே இல்லையே மாமா” என்றான். அதுவும் உண்மை. பாதுகாப்பு என்று ஒரே வார்த்தையைச் சொல்லி எல்லா வேலைக்கும் குறுக்கே படுக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு வகைச் சோம்பல்தான். எது இப்போதே வேண்டும், எது நாளைக்குப் போதும் என்று பிரிப்பதில்தான் மூளை தேவைப்படுகிறது. கேட்டால், பாஸ்போட் படத்தை இணையத்தளத்தில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை என்கிறான். வழக்கம் போல ரிசப்ஷனில் காட்டினால் ஆயிற்று. அந்தப் பக்கத்தைக் கழற்றிவிட்டால் ஓட்டையின் பாதி ஆபத்து போய்விடும், பெரஹரக்கும் நாள் தவறாது. மிச்சப் பாதிக்கு இரண்டு நாள் வேலை. ஆனால் மாதிரி காட்டிய நாளில் ஹோட்டல் முதலாளி அந்தப் படம் ஏற்றும் பக்கத்தைத்தான் கைதட்டிப் பாராட்டினாராம். அதைக் கழற்றுவதாகச் சொல்ல மெனேஜருக்கு வாய் வரவில்லை.

பெஞ்சிலேயே மடிக்கணினியைத் திறந்தான். மூன்று பத்தி உள்ள ஒரு அட்டவணை செய்தான். குறை, எந்தத் திகதிக்குள் சரியாகும், அதுவரை யார் பொறுப்பு. முதல் வரி பாஸ்போட் பக்கம்: லைவ் போடும் முன் கழற்றுவது. இரண்டாவது ரசீது இலக்கம். மூன்றாவது, பேக்கப்பை சேர்வரிலிருந்து கழற்றி வேறு இடத்தில் வைப்பது. கடைசிப் பத்தியைக் காலியாக விட்டு மெனேஜருக்கு அனுப்பினான். நாங்கள் நிலையத்துக்கு எதிர்க்கடையில் பிளேன்டீயும் வாய்ப்பனும் சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் மேசையில்தான் இருக்கிறார் போல. பாஸ்போட் பக்கத்தைக் கழற்றச் சம்மதம். ஹோட்டல்காரரிடம் தானே பேசுவதாக எழுதியிருந்தார். மற்ற இரண்டுக்கும் திகதி போட்டிருந்தார், பெரஹரக்கு முன்னாலேயே. பொறுப்பு என்ற பத்தியில் மட்டும் மூன்று வரியிலும் ஒரே சொல்: ‘டீம்’.

மருமகன் அந்தச் சொல்லை மூன்று இடத்திலும் அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினான்.

“பேர் போட மாட்டேன்னா?” என்றேன்.

“போடுவாரு. லைவ் சேர்வர் பாஸ்வேர்ட் என்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“அதுவும் ஒரு ஓட்டைதானேடா? நாளைக்கு நீ கோச்சியில அடிபட்டா?”

சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினான். “நாலாவது வரியைப் பாருங்க மாமா. திகதியும் இருக்கு, என் பேரும் இருக்கு.”